நிக்கல் அதே, எத்திலீன் அதே. பொருள் மட்டும் ஏன் வேறு வேறு?

#1 பொள்ளாச்சி_வேதியன்

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு. நேற்று வைவாவில் வசமாக மாட்டிக்கொண்டேன். வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒரு தாளில் மூன்று வட்டம் போட்டார். "மூன்றிலும் நிக்கல். மூன்றுக்கும் எத்திலீன்தான் கொடுக்கிறேன். முதலாவதில் பியூட்டீன் வருகிறது, வெறும் வாயு. இரண்டாவதில் நாலு கார்பனில் தொடங்கி இருபதுக்கு மேல் வரை ஒரு கலவை, எண்ணெயும் மெழுகுமாக. மூன்றாவதில் இழுத்தால் நீளும் பாலிமர். ஏன்?"

"ஈனி, அதாவது உலோகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் மூலக்கூறு (லிகண்ட்), மாறுகிறது சார்."

"அது எனக்கும் தெரியும். ஈனி மாறினால் எது மாறுகிறது?"

அங்கே நின்றுவிட்டேன். கொள்ளிடத் தடை, எலக்ட்ரான் விளைவு என்று இரண்டு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். "பெயர் சொல்கிறாய், காரணம் சொல்லக் காணோம்" என்றார். புதன்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். எங்கள் புத்தகத்தில் சீக்லர்-நட்டா வினையூக்கிகளுக்கு அரைப் பக்கம், அதோடு சரி. யாராவது அடியிலிருந்து சொல்ல முடியுமா?

#2 பழைய_ஆட்டோகிளேவ்

தம்பி, உங்கள் பேராசிரியர் நல்ல இடத்தில்தான் பிடித்திருக்கிறார். "ஈனி" என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். உலோகத்தில் ஒரு சங்கிலி வளர்ந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு கணமும் அதற்கு இரண்டு வழி. ஒன்று, அடுத்த எத்திலீன் வந்து உலோகத்துக்கும் சங்கிலிக்கும் நடுவே செருகிக்கொள்ளும், சங்கிலி இரண்டு கார்பன் நீளும். இன்னொன்று, சங்கிலியின் இரண்டாவது கார்பனில் இருக்கும் ஹைட்ரஜனைப் பறித்துக்கொண்டு உலோகம் சங்கிலியைக் கைகழுவிவிடும். இதுதான் பீட்டா-ஹைட்ரைடு நீக்கம்.

சங்கிலி எவ்வளவு நீளம் என்பது இந்த இரண்டு வேகங்களின் விகிதம், அவ்வளவே. இரண்டு மூன்று செருகலுக்கு ஒரு தடவை கைகழுவினால் பியூட்டீனும் ஹெக்ஸீனும் கிடைக்கும். 10,000 செருகலுக்கு ஒரு தடவை என்றால் எத்திலீனின் மூலக்கூறு நிறை 28, ஆக 2,80,000. கையில் பிடிக்கிற பிளாஸ்டிக்.

இப்போது ஒரு கணக்கு. அறை வெப்பநிலையில் இரண்டு வினைகளின் தடை உயரத்துக்கு இடையே 1.4 கிலோகலோரி வித்தியாசம் வந்தால் வேகத்தில் பத்து மடங்கு மாறும். மூன்றுக்கு ஒன்றை பத்தாயிரத்துக்கு ஒன்றாக்க ஏறக்குறைய 5 கிலோகலோரி போதும். ஒரு கார்பன்-கார்பன் பிணைப்பை உடைக்க எண்பது சொச்சம் வேண்டும். வாயுவுக்கும் ரப்பருக்கும் நடுவே இருப்பது அந்த ஐந்துதான். உலோகத்தின் அடிப்படைக் குணத்தை ஈனி மாற்றத் தேவையில்லை. ஒரு வழியில் ஐந்து கிலோகலோரிக்கு மேடு போட்டால் வேலை முடிந்தது.

ஒரு பழைய கதையும் உண்டு. 1950-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் முல்ஹைமில் கார்ல் சீக்லர் அலுமினியம் ஆல்கைலில் எத்திலீனைச் சேர்த்துச் சேர்த்துச் சங்கிலி வளர்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவருடைய மாணவர் ஹோல்ட்ஸ்காம்ப் செய்த சோதனையில் சங்கிலியே வளரவில்லை, எல்லாம் பியூட்டீன். தேடிப் பார்த்தால் கலனிலிருந்து வந்த துளி நிக்கல். யாராயிருந்தாலும் கலனைத் தேய்த்துக் கழுவிவிட்டு மேலே போயிருப்பார்கள். அவர்கள் "நிக்கல் இப்படிக் கெடுக்கிறதென்றால் மற்ற உலோகங்கள் என்ன செய்யும்?" என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தார்கள். சிர்கோனியத்திலும் டைட்டானியத்திலும் குறைந்த அழுத்தத்திலேயே பாலிஎத்திலீன் வந்தது. 1963-இல் நட்டாவோடு சேர்த்து நோபல்.

கவனியுங்கள், அந்த நிக்கலுக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஈனி எதுவும் இல்லை. உங்கள் பேராசிரியரின் முதல் வட்டம் அதுதான். கைகழுவும் வேகம்தான் நிக்கலின் பிறவிக்குணம்.

#3 பொள்ளாச்சி_வேதியன்

ஐயா, இந்த விகிதக் கணக்கு ஒரு செமஸ்டரில் யாரும் சொல்லாதது. மிக்க நன்றி. ஆனால் அந்த மேட்டை ஈனி எப்படிப் போடுகிறது? பருமனான ஈனி என்றால் உள்ளே வரும் எத்திலீனையும் சேர்த்துத்தானே தடுக்க வேண்டும்? வளர்ச்சியும் குறையாதா?

#4 மஞ்சள்_படிகம்

கேட்க வேண்டிய கேள்வி தம்பி. நான் இந்த மூன்றாவது வட்டத்தில்தான் ஐந்து வருடம் உட்கார்ந்திருந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

இந்த ஈனியின் பெயர் ஆல்பா-டைஇமின். செய்வது சுலபம். டைஅசிட்டைல் என்று ஒரு மஞ்சள் திரவம், மூடியைத் திறந்தால் வெண்ணெய் வாசம் ஆய்வகம் முழுக்க அடிக்கும். அதோடு 2,6-டைஐசோபுரோப்பைல்அனிலீன் இரண்டு பங்கு, மெத்தனாலில் கலந்து, ஃபார்மிக் அமிலம் ஒரு துளி விட்டு வைத்துவிட்டுப் போனால் மறுநாள் காலை குடுவையின் அடியில் மஞ்சள் படிகம் கட்டியிருக்கும். என் பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

இரண்டு நைட்ரஜனும் நிக்கலைப் பிடித்துக்கொள்ளும். வினை நடக்கும் நேரத்தில் நிக்கலைச் சுற்றி தள சதுரம். ஒரு தட்டை மேசை என்று வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு மூலையில் நைட்ரஜன், மற்ற இரண்டில் சங்கிலியும் எத்திலீனும். நைட்ரஜனில் தொங்கும் பென்சீன் வளையங்கள் மேசைக்குச் செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின் ஆர்த்தோ இடங்களில், அதாவது நைட்ரஜன் ஒட்டிய கார்பனுக்கு இரு பக்கத்திலும், உள்ள ஐசோபுரோப்பைல்கள் மேசைக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நீட்டிக்கொண்டிருக்கும். மேசையின் தளத்தில் வழி திறந்திருக்கிறது. கூரையும் தரையும்தான் அடைபட்டிருக்கின்றன.

வளர்வதற்கு வரும் எத்திலீன் தளத்தில் உள்ள காலி மூலையில் அமர்கிறது, அதற்குத் தடை இல்லை. ஆனால் சங்கிலி கழன்று போக வேண்டுமென்றால், ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்டு ஆல்கீனாக நிற்கும் அந்தச் சங்கிலியை வேறொரு எத்திலீன் வந்து தள்ளிவிட வேண்டும். அந்த எத்திலீன் வருவது மேலிருந்தோ கீழிருந்தோதான். அங்கே ஐசோபுரோப்பைல் உட்கார்ந்திருக்கிறது. ஆக ஒரே பருமன், ஒரு கதவை மூடுகிறது, மற்றதை விட்டுவிடுகிறது. எவ்வளவு பெரியது என்பதைவிட எங்கே பெரியது என்பதுதான் இதில் விஷயம். வட கரோலினாவில் மாரிஸ் புரூக்ஹார்ட் குழு 1995-இல் இதைக் காட்டியது. அந்த ஆர்த்தோ குழுக்களை எடுத்துவிட்டால் அதே நிக்கல், அதே இமின், மறுபடி ஆல்பா-ஒலிஃபின் (நுனியில் இரட்டைப் பிணைப்புள்ள குட்டைச் சங்கிலி) எண்ணெய்தான்.

இதில் இன்னொரு அழகு உண்டு. போக முடியாத சங்கிலி சும்மா இருக்காது. ஹைட்ரஜனைக் கொடுக்கும், திரும்ப வாங்கும். வாங்கும்போது உலோகம் பக்கத்துக் கார்பனில் ஒட்டிக்கொள்ளும். மறுபடி கொடுக்கும், வாங்கும். உலோகம் சங்கிலிமேல் நடந்துகொண்டே இருக்கும். நடுவழியில் ஓர் எத்திலீன் செருகினால் அந்த இடத்தில் ஒரு கிளை. வெறும் எத்திலீனை மட்டும் கொடுத்தும் கிளைவிட்ட பாலிமர் வருவது இப்படித்தான். நிக்கலில் எத்திலீன் அழுத்தத்தைக் கூட்டினால் நடக்க நேரம் கிடைக்காது, கிளை குறையும். சூடாக்கினால் கிளை கூடும். இதே ஈனியில் நிக்கலுக்குப் பதில் பலேடியம் வைத்தால் 1,000 கார்பனுக்கு ஏறக்குறைய 100 கிளை. நேரான பாலிஎத்திலீன் உருக 135 டிகிரி வேண்டும். என் பலேடியம் பாலிமர் அறை வெப்பநிலையில் கெட்டித் தேனாகப் புட்டியில் சாய்ந்து வழியும். இதுவும் பாலிஎத்திலீன்தான் என்று சொன்னால் வீட்டில் நம்பவே மாட்டார்கள்.

#5 எலக்ட்ரான்_கணக்கு

அக்கா அழகாகச் சொன்னீர்கள். ஆனால் எல்லாமே இடப் பிரச்சினை என்று தம்பி மனதில் பதிந்துவிடப் போகிறது, அதனால் குறுக்கே வருகிறேன். உலோகத்துக்கு ஈனி எவ்வளவு எலக்ட்ரான் தருகிறது என்பதை யாரும் பேசவில்லையே. பெயரிலேயே இருக்கிறது. பசு கன்று ஈனும், இது எலக்ட்ரான் ஈனும். ஈனுவதை விட்டுவிட்டு அதன் உடம்பின் பருமனை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆக்சிஜன் உள்ள மோனோமரான அக்ரிலேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டைட்டானியம், சிர்கோனியம் மையங்கள் ஆக்சிஜனைக் கண்டால் விடாது. அக்ரிலேட் உள்ளே வந்தால் இரட்டைப் பிணைப்பை விட்டுவிட்டுக் கார்போனைல் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடும். பலேடியத்துக்கு அந்தப் பசி குறைவு, அதனால்தான் டைஇமின் பலேடியம் எத்திலீனையும் மெத்தில் அக்ரிலேட்டையும் சேர்த்துப் பின்னுகிறது. ஆனால் அங்கே அக்ரிலேட் பெரும்பாலும் கிளைகளின் நுனியில் போய் உட்காருகிறது, காரணம் அக்கா சொன்ன அதே நடைதான்.

2002-இல் டிரென்ட் குழு வேறோர் ஈனி போட்டது. ஒரு கை பாஸ்பீன், இன்னொரு கை சல்ஃபோனேட். பாஸ்பரஸ் எலக்ட்ரானை வாரி வழங்கும், சல்ஃபோனேட் ஆக்சிஜன் கஞ்சன். இரண்டு கையும் சமமில்லாததால் பலேடியத்தின் எதிரெதிர் மூலைகளும் சமமில்லை. வந்த பாலிமரில் கிளை அநேகமாக இல்லை, அக்ரிலேட் முதுகுச் சங்கிலியிலேயே வரிசையாக இருந்தது. அதே பலேடியம். டைஇமினில் நடந்து நடந்து களைத்தது, இங்கே நேராகப் போகிறது. இதைக் கூரை, தரை வைத்து விளக்குங்கள் பார்ப்போம்.

#6 பழைய_ஆட்டோகிளேவ்

ஒப்புக்கொள்கிறேன். நான் மேடு என்று மட்டும் சொன்னேன், மேடு எதனால் வருகிறது என்று சொல்லவில்லை.

இரண்டாவது வட்டத்தையும் முடித்துவிடுகிறேன், யாரும் தொடவில்லை. அது ஷெல் நிறுவனத்தின் முறை, கைம் கண்டது. பாஸ்பரஸும் ஆக்சிஜனும் சேர்ந்து இடுக்கி மாதிரி நிக்கலைப் பிடிக்கும். கூடவே தனியாக ஒரு பாஸ்பீனும் ஒட்டிக்கொண்டிருக்கும். வருவது ஆல்பா-ஒலிஃபின். டூபான்ட் ஆய்வாளர்கள் 1980-களில் அந்தத் தனிப் பாஸ்பீனை மட்டும் வேறொரு பொருளால் உறிஞ்சி எடுத்தார்கள். அதே நிக்கல் நீள் சங்கிலி பாலிஎத்திலீன் கொடுக்க ஆரம்பித்தது. ஈனியைச் சேர்த்து மாற்றுவது மட்டுமில்லை, ஒன்றைக் கழித்தும் மாற்றலாம். புதன்கிழமை இதைச் சொன்னால் அவர் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்வார்.

#7 மஞ்சள்_படிகம்

@எலக்ட்ரான்_கணக்கு, டிரென்ட் விஷயத்தில் மறுப்பில்லை. ஆனால் எலக்ட்ரான் மட்டும் என்றும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பாஸ்பீனில் ஆர்த்தோ-மெத்தாக்சி வளையங்கள் தொங்குகின்றன, அவையும் பலேடியத்தின் மேற்புறத்தை மறைக்கின்றன. ஒரு ஈனியில் ஒரு குழுவை மாற்றினால் இடமும் எலக்ட்ரானும் சேர்ந்தே மாறும். பாரா இடத்தில் மட்டும் மாற்றிப் பார்த்தால் ஓரளவு பிரித்தெடுக்கலாம், அங்கே உள்ள குழு மையத்திலிருந்து தள்ளி இருக்கும். ஆர்த்தோவில் கைவைத்தால் இரண்டும் குழம்பிப் போகும்.

இதற்கு நல்ல உதாரணம் ஜப்பானில் மிட்சுய் கெமிக்கல்ஸில் ஃபுஜிதா குழுவின் ஃபீனாக்சி-இமின்கள். அனிலீன் வளையத்தின் ஹைட்ரஜனையெல்லாம் ஃபுளூரினாக்கிய டைட்டானியச் சேர்மம், 50 டிகிரியில் எத்திலீனை உயிருள்ள முறையில் பலபடியாக்கியது. அதாவது சங்கிலி கழலவே இல்லை. ஆர்த்தோ ஃபுளூரின் சங்கிலியின் பீட்டா ஹைட்ரஜனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வதால் உலோகத்துக்கு அது எட்டவில்லை என்பது அவர்கள் தந்த விளக்கம். இழுப்பு இல்லை, வெறும் நெருக்கடிதான் என்று வாதாடியவர்களும் உண்டு. ஃபுளூரின் ஹைட்ரஜனைவிடக் கொஞ்சம்தான் பெரியது, எலக்ட்ரானை உறிஞ்சும் பசியோ பெரியது. எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

#8 எலக்ட்ரான்_கணக்கு

பாதிப் பாதி. நான் பேராசை பிடித்தவன் இல்லை :)

#9 பொள்ளாச்சி_வேதியன்

படித்துக்கொண்டே இருக்கிறேன், நோட்டில் படமாகவும் வரைகிறேன். இன்னொரு சந்தேகம். எத்திலீனில் நீளமும் கிளையும்தான் பிரச்சினை. புரோப்பிலீனில் மெத்தில் எந்தப் பக்கம் என்று ஒன்று இருக்கிறதே, ஐசோடாக்டிக் (எல்லாம் ஒரே பக்கம்), சிண்டியோடாக்டிக் (மாறி மாறி). ஒரு கரைசலில் மிதக்கும் சிறு மூலக்கூறு எப்படி ஆயிரக்கணக்கான மெத்தில்களை ஒரே பக்கம் அடுக்குகிறது?

#10 வளையல்_கடை

இதற்கு நான் வருகிறேன், சிர்கோனசீன் என் ஊர்.

முதலில் வரலாறு இரண்டு வரி. இரண்டு சைக்ளோபென்டாடையீன் வளையத்துக்கு நடுவே டைட்டானியம் அல்லது சிர்கோனியம் வைத்த சேர்மங்களை 1957-லேயே போட்டுப் பார்த்தார்கள். மந்தமாக இருந்தது, புரோப்பிலீனைக் கண்டுகொள்ளவே இல்லை. 1970-களில் ஹாம்பர்க்கில் சின், காமின்ஸ்கி ஆய்வகத்தில் தண்ணீர் கொஞ்சம் கலந்துவிட்டது. நம் ஆய்வகமாயிருந்தால் வழிகாட்டி கத்தியிருப்பார். அங்கே வினை தாறுமாறாக ஓடியது. டிரைமெத்தில் அலுமினியமும் தண்ணீரும் சேர்ந்து மெத்திலலுமினாக்சேன் ஆகியிருந்தது. அது சிர்கோனியத்தை நேர்மின் அயனியாக்கி விழிக்க வைத்தது. விழித்தாலும் அந்தச் சாதா வளையச் சேர்மம் புரோப்பிலீனை ஒழுங்கில்லாமல்தான் அடுக்கியது, பிசுபிசுவென்ற அடாக்டிக்.

ஒழுங்கு வந்தது வளையல்களைப் பூட்டிய பிறகு. கான்ஸ்டான்ஸில் பிரின்ட்ஸிங்கர் இரண்டு இன்டினைல் வளையத்தையும் ஒரு சிறு பாலத்தால் கட்டினார், சுழல முடியாதபடி. அப்படிக் கட்டும்போது இரண்டு வகை வரும். இரண்டு வளையமும் எதிரெதிர்ப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் ரேசெமிக், ஒரே பக்கம் நீட்டினால் மீசோ. 1984-இல் யூவன் டைட்டானியத்தில் இந்தக் கலவையைப் போட்டபோது ஒரே குடுவையில் ஐசோடாக்டிக்கும் அடாக்டிக்கும் சேர்ந்து வந்தன. அடுத்த வருடம் காமின்ஸ்கியும் பிரின்ட்ஸிங்கரும் ரேசெமிக் சிர்கோனியத்தில் ஐசோடாக்டிக் எடுத்தார்கள். 1988-இல் யூவன் வேறொன்று செய்தார்: ஒரு பக்கம் சிறிய சைக்ளோபென்டாடையீன், மறுபக்கம் பெரிய ஃபுளூரீனைல் வளையம். அதில் சிண்டியோடாக்டிக்.

காரணம் இதுதான். செருகல் ஒவ்வொன்றுக்கும் சங்கிலி இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குத் தாவும், அடுத்த செருகலுக்கு மறுபடி இடம். மழையில் காரின் கண்ணாடி துடைப்பான் ஆடுகிற மாதிரி. ரேசெமிக்கில் அரைச்சுற்று சுழற்றினால் இடம் வலமாகிவிடும், இரண்டும் ஒன்றே. அதனால் இரண்டு பக்கமும் புரோப்பிலீனின் ஒரே முகம் தேர்வாகிறது: ஐசோ. யூவனின் 1988 சேர்மத்தில் இடமும் வலமும் கண்ணாடி பிம்பங்கள். ஒரு முகம், எதிர் முகம், ஒரு முகம், எதிர் முகம்: சிண்டியோ.

பலருக்குத் தப்பும் நுணுக்கம் ஒன்று. வளையம் நேரடியாகப் புரோப்பிலீனின் மெத்திலைத் தள்ளுகிறது என்று வரைவார்கள். அப்படியில்லை. வளையம் தள்ளுவது வளரும் சங்கிலியை. சங்கிலி காலியான மூலை பார்த்து ஒதுங்கும். வரும் புரோப்பிலீன் தன் மெத்திலைச் சங்கிலிக்கு எதிர்த்திசையில் வைத்துக்கொள்ளும். ஈனி, சங்கிலி, மெத்தில் என்று இரண்டு கட்டமாகப் போகிற சேதி. நேப்பிள்ஸின் கொரடினி திடநிலை டைட்டானியத்துக்கே இதைச் சொல்லியிருந்தார், இந்த வளையச் சேர்மங்களுக்கும் (மெட்டலோசீன்) அது பொருந்தியது.

#11 ஷிப்ட்_சீனு

எல்லாரும் வெள்ளைக் கோட்டில் பேசுகிறீர்கள், நான் பாய்லர் சூட்டில் வந்தவன். பாலிபுரோப்பிலீன் ஆலையில் பதினேழு வருடம். ஒரு உண்மை சொல்லட்டுமா? உலகத்துப் பாலிபுரோப்பிலீனில் பெரும்பகுதி இன்றைக்கும் மக்னீசியம் குளோரைடு மேல் ஒட்டிய டைட்டானியத்தில்தான் வருகிறது. உங்கள் பூட்டிய வளையல் எல்லாம் விலை உயர்ந்த கிரேடுகளுக்கு. அதுவும் சிலிக்கா மேல் ஏற்றித்தான் ரியாக்டருக்குள் விடுவார்கள், அப்படியே கரைசலாக விட்டால் சுவரெல்லாம் பாலிமர் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் எங்களிடமும் ஈனி மாதிரி ஒன்று உண்டு, நாங்கள் டோனர் என்போம். வினையூக்கி செய்யும்போதே உள்ளே போடுவது உள் டோனர். முன்பு எத்தில் பென்சோயேட், பிறகு தாலேட், அப்புறம் டைஈதர், சக்சினேட் என்று வந்தது. ரியாக்டரில் தனியாகச் செலுத்துவது வெளி டோனர், ஆல்காக்சி சிலேன். தாலேட் வகையில் அலுமினியம் ஆல்கைல் உள்ளிருக்கும் தாலேட்டைக் கழற்றிக் கொண்டுபோய்விடும், அந்த இடத்தைச் சிலேன் பிடிக்கும். டைஈதர் கழலாது, அதனால் சிலேன் இல்லாமலும் சமாளிக்கும்.

ஒரு ராத்திரி ஷிப்டில் வெளி டோனர் பம்ப் நின்றது யாருக்கும் தெரியவில்லை. காட்டியில் ஓட்டம் இருப்பதாகத்தான் காட்டியது. மூன்று மணி வாக்கில் பவுடர் சாம்பிள் எடுக்கப் போன பையன் திரும்பி வந்து, "அண்ணே, கையில் ஒட்டுதுண்ணே" என்றான். வழக்கமாக உப்புமா ரவை மாதிரி உதிரும். அன்றைக்கு விரலில் பிசின். அடாக்டிக் ஏறிவிட்டது. விடியும்வரை குழாய்களைத் தட்டிக்கொண்டிருந்தோம். ஈனி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

@மஞ்சள்_படிகம் மேடம், உங்கள் நிக்கல் எத்தனை டிகிரி தாங்கும்?

#12 மஞ்சள்_படிகம்

சார், வலிக்கிற இடத்தில் தொட்டுவிட்டீர்கள். 60 டிகிரி தாண்டினால் தளர்ந்துவிடும். செங்குத்தாக நின்ற பென்சீன் வளையங்கள் சூட்டில் திரும்ப ஆரம்பிக்கும், கூரை விலகும், சங்கிலி குட்டையாகும். சில நேரம் நிக்கல் பக்கத்து ஐசோபுரோப்பைலின் ஹைட்ரஜனையே பறித்துக்கொண்டு செத்துவிடும். கரைசல் முறை ரியாக்டர்கள் 100 டிகிரிக்கு மேல் ஓடுகிறவை, அங்கே இதற்கு இடமில்லை. பிறகு குவான் குழு இரண்டு வளையங்களையும் வெளியே ஒரு கூண்டாகச் சேர்த்துக் கட்டி, திரும்பவே முடியாமல் செய்தது. வெப்பம் தாங்கும் திறன் நன்றாக ஏறியது. வளையல்காரர் பாலம் போட்ட அதே புத்தி.

உங்கள் டோனர் கதையில் எனக்கு ஒரு பொறாமை. எங்களிடம் படிக அமைப்பு கையில் இருக்கிறது, எந்த அணு எங்கே என்று தெரியும். உங்களிடம் அது இல்லை, ஆனால் டன் கணக்கில் பொருள் வருகிறது.

#13 வளையல்_கடை

பருமன் கூடக் கூட நல்லது என்று யாராவது முடிவு கட்டுவதற்குள் ஒரு எதிர் உதாரணம். 1990 வாக்கில் டவ், எக்ஸான் இரண்டு நிறுவனங்களும் இரண்டு வளையத்தில் ஒன்றைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு நைட்ரஜன் வைத்து, சிலிக்கான் பாலத்தால் இழுத்துக் கட்டிய டைட்டானியத்துக்கு வந்தன. பாலம் குட்டை என்பதால் இரண்டு கையும் பின்னுக்கு இழுபட்டு முன்பக்கம் அகலத் திறந்துகொண்டது. எட்டுக் கார்பன் ஆக்டீனும் தாராளமாக உள்ளே வந்தது. ஏற்கெனவே கழன்றுபோன பாலிமரின் நுனிகூடத் திரும்ப வந்து செருகி, நீளக் கிளையாகிவிடும். இங்கே ஈனியின் வேலை வாசலைத் திறப்பது.

இன்டினைலிலும் பாருங்கள். ஹோக்ஸ்ட் நிறுவனத்தில் ஸ்பாலெக் குழு இரண்டாவது இடத்தில் ஒரு மெத்தில் வைத்தபோது சங்கிலி நீண்டது, நான்காவது இடத்தில் ஒரு அரைல் வளையம் வைத்தபோது ஒழுங்கும் கூடியது. இரண்டும் சேர்ந்தபோது உருகுநிலை 160 டிகிரியை ஒட்டி ஏறியது. ஒரே வளையம், இடத்துக்கு ஒரு வேலை.

#14 எலக்ட்ரான்_கணக்கு

இரும்பை மறந்துவிட்டோம். 1998-இல் புரூக்ஹார்ட்டும் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் கிப்சனும் தனித்தனியாக, ஒரே நேரத்தில். பிரிடீனின் இரண்டு பக்கமும் இமின், நடுவே இரும்பு. ஆர்த்தோவில் இரண்டு ஐசோபுரோப்பைல் என்றால் கிளையில்லாத, கடினமான பாலிஎத்திலீன். ஒரே ஒரு மெத்தில் என்றால் ஆல்பா-ஒலிஃபின். துருப்பிடிக்கிற உலோகம் என்று ஒதுக்கி வைத்திருந்ததை ஐந்து நிமிட ஈனி எழுப்பிவிட்டது. சரி, ஐந்து நிமிடம் இல்லை, ஓர் இரவு கொதிக்க வேண்டும்.

#15 ஷிப்ட்_சீனு

டவ்வின் 2006 வேலையையும் சொல்லிவிடுங்கள். அது எனக்குப் பிடித்தது. ஒரே ரியாக்டரில் இரண்டு வினையூக்கி. ஒன்றுக்கு ஆக்டீன் பிடிக்காது, இன்னொன்றுக்குப் பிடிக்கும். நடுவில் டைஎத்தில் துத்தநாகம், வளரும் சங்கிலியை வாங்கி மற்றதிடம் கொடுக்கும் கூரியர். அதனால் ஒரே சங்கிலியில் கடினத் துண்டு, மெத்துத் துண்டு, மறுபடி கடினத் துண்டு. இரண்டு ஈனியையும் தேர்ந்தெடுத்ததே, ஒன்று செய்வதை மற்றது செய்யக்கூடாது என்பதற்காக.

#16 பொள்ளாச்சி_வேதியன்

புதன் முடிந்தது!

வட்டம் மூன்றையும் நானே வரைந்தேன். விகிதத்தைச் சொன்னேன், ஐந்து கிலோகலோரி சொன்னேன், பாஸ்பீனைக் கழித்த கதையைச் சொன்னபோது ஐயா சொன்னபடியே நிமிர்ந்தார். மேசை, கூரை, தரை எல்லாம் வரைந்து காட்டினேன். தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, "பலேடியத்தில் எத்திலீன் அழுத்தத்தை மாற்றினால் கிளை எண்ணிக்கை மாறுமா?" என்றார். நிக்கலில் மாறுகிறதே என்று "மாறும்" என்றேன். "மாறாது. 100-க்குப் பக்கத்திலேயே நிற்கும். ஆனால் பாலிமர் மாறும். எப்படி?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை சொல்ல வேண்டுமாம். மறுபடியும் உங்களிடமே வருகிறேன்.

#17 மஞ்சள்_படிகம்

உங்களை அவருக்குப் பிடித்துவிட்டது தம்பி, இல்லையென்றால் இதைக் கேட்டிருக்க மாட்டார்.

பலேடியம் மிக வேகமாக நடக்கிறது, அதனால் கிளை எண்ணிக்கை நடையாலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஆனால் எவ்வளவு தூரம் நடக்கிறது என்பது அடுத்த எத்திலீன் எப்போது வந்து பிடிக்கிறது என்பதைப் பொறுத்தது. அழுத்தம் அதிகமென்றால் சில கார்பன் நடப்பதற்குள் செருகல். முதுகு நேராகவும் கிளைகள் குட்டையாகவும் இருக்கும், தேங்காய் ஓலை மாதிரி. அழுத்தம் மிகக் குறைவென்றால் ஒரு செருகலுக்கும் அடுத்ததற்கும் நடுவே சங்கிலி முழுக்கச் சுற்றி வந்துவிடும், பழைய கிளைமேல் ஏறி அங்கே புதுக் கிளை போடும், அதன்மேல் இன்னொன்று. கிளைக்குள் கிளையாக ஒரு புதர் உருண்டை. எண்ணிப் பார்த்தால் இரண்டிலும் மெத்தில் ஏறக்குறைய சமம். டூபான்டில் இருந்தபோது குவான் 1999-இல் காட்டியது இது.

#18 பொள்ளாச்சி_வேதியன்

அக்கா, மெத்தில் எண்ணிக்கை சமம் என்றால் என்.எம்.ஆரில் பிரித்துப் பார்க்க முடியாதே? பாகுநிலை அளந்தால் தெரியுமா?

#19 மஞ்சள்_படிகம்

பாகுநிலை மட்டும் போதாது, மூலக்கூறு நிறை வேறாக இருந்தாலும் பாகுநிலை மாறும். ஒளிச்சிதறலில் நிறையையும் உருவளவையும் சேர்த்து அளக்க வேண்டும். ஒரே நிறைக்கு ஓலை பெரிதாகப் பரந்திருக்கும், உருண்டை சுருங்கியிருக்கும். வெள்ளிக்கிழமை அதையும் கேட்பார், வரைபடத்தோடு போங்கள். எக்ஸ் அச்சில் நிறை, ஒய் அச்சில் ஆரம், இரண்டும் மடக்கை அளவில்.

#20 ஷிப்ட்_சீனு

அந்த டீக்கடை எங்கே என்று மட்டும் சொல்லு தம்பி, நானும் வருகிறேன். என் டோனர் பம்ப் கதைக்கு அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க வேண்டும்.